மலையில் செம்பருத்தி: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மேட்டுப்பாளையத்தில் வேலியோரம் யாரும் கவனிக்காமலே பூத்துக் குலுங்குகிற செம்பருத்தியின் கிளையை வெட்டி வந்து குன்னூரில் நட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஊட்டியில் நட்டால் கேட்கவே வேண்டாம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. செம்பருத்தியோ வெப்பமண்டலச் செடி. இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அதன் வளர்ச்சி மந்தமாகும். 10 டிகிரிக்குக் கீழே சில நாள் தொடர்ந்தால் இலையை உதிர்க்கும். பூஜ்ஜியத்தைத் தொட்டால் நுனி கருகும். கூடலூர், பர்லியார் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இது மேலே இருப்பவர்களுக்கு எழுதியது.

செம்பருத்தி வாடுகிறது என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, என்ன உரம் போடலாம்?" நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். மண் ஈரமாக இருக்கிறதா? எந்த இலை முதலில் மாறியது, அடியிலா நுனியிலா? ராத்திரியில் செடி எங்கே நிற்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதிப் பிரச்சினைக்கு மேல் உரக்கடைக்குப் போகாமலே தீர்ந்துவிடும். குளிர்ந்த ஈர மண்ணில் வேர் சரியாக வேலை செய்யாது. மண்ணில் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. வெளியே பார்த்தால் சத்துக் குறைபாடு மாதிரியே தெரியும். அந்த நேரத்தில் உரத்தைக் கொட்டினால் இருக்கிற வேரும் கருகும்.

இலை மஞ்சளாகிறது

அடிக்கடி வரும் புகார் இதுதான். காரணங்களும் நிறைய. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடுங்கள். மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் உள்ளே சில்லென்று ஒட்டினால் தண்ணீரை நிறுத்துங்கள். சமவெளியில் தினமும் ஊற்றிய பழக்கத்தில் இங்கேயும் ஊற்றுகிறவர்கள் அதிகம். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் வெயிலைப் பார்க்க முடியாது. அப்போது தொட்டிச் செடிக்கு ஒரு சொட்டுக்கூடத் தேவைப்படாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். தகரக் கூரையின் விளிம்பிலிருந்து வடிகிற தண்ணீர் நேராகத் தொட்டியில் விழுகிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் செடி செத்ததற்கு அதுதான் காரணம்.

ஈரம் அதிகம் என்று சந்தேகம் வந்தால் செடியைத் தொட்டியோடு சாய்த்து, மண்ணுருண்டை உடையாமல் உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் கையோடு உருவி வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். மண்ணில் ஒரு புளித்த நாற்றமும் இருக்கும். அப்படியானால் கறுத்த வேரை வெட்டி எடுத்துவிட்டு, முன்பிருந்ததைவிடச் சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். "பெரிய தொட்டி வைத்தால் நன்றாக வளருமே" என்று தோன்றும். வேர் இல்லாத இடத்தில் நிற்கிற ஈரத்தை உறிஞ்ச அங்கே எதுவும் இல்லை, அதனால் மறுபடியும் அழுகும். மேலே கிளையையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். மிச்சமுள்ள வேர் மிச்சமுள்ள இலைக்குத்தான் தண்ணீர் கொடுக்க முடியும்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று. கீழே இருந்து வரும் பெரிய பூ ஒட்டுரகச் செடிகள் பெரும்பாலும் முழுக்கத் தென்னை நார்க்கழிவில் வளர்த்தவை. கோயம்புத்தூர் வெயிலுக்கு அது சரி. இங்கே பனிமூட்டத்தில் அது நாள்கணக்கில் காயாது. ஏப்ரல், மே மாதத்தில் வாங்கியதும் மண்ணை மாற்றிவிடுங்கள்: தோட்டத்துச் செம்மண், மட்கிய சாணம், பருமணல் மூன்றும் சம அளவு. டிசம்பரில் வாங்கியிருந்தால் வேரைத் தொடாதீர்கள், வெயில் காலம் வரை பொறுங்கள்.

மண் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அடி இலைகள் மஞ்சளாகின்றன. நரம்பு பச்சையாக, நடுவில் மட்டும் மஞ்சள். இது மெக்னீசியம் போதாமை. நீலகிரி மண் இயல்பிலேயே புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும். செம்பருத்திக்கு மண்ணின் அமிலகார அளவு (pH) 6 முதல் 7-க்குள் இருந்தால் சௌகரியம், இங்கே பல இடங்களில் அது 5-க்கு அக்கம்பக்கம்தான். மழை கொட்டக் கொட்ட மெக்னீசியமும் சுண்ணாம்புச் சத்தும் கரைந்து ஓடிவிடும். தேயிலைக்காரர்கள் போடுகிற டோலமைட் தூளில் இரண்டுமே உண்டு. தரையில் நிற்கிற செடிக்கு வருஷத்துக்கு ஒரு முறை, வெயில் காலத் தொடக்கத்தில், ஒரு கைப்பிடி எடுத்துத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் தூவிக் கொத்திவிட்டால் போதும். அவசரமென்றால் மெக்னீசியம் சல்பேட்டை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து இலையில் தெளிக்கலாம். பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதை எதிர்பார்க்காதீர்கள். அடுத்து வருகிற இலையைப் பாருங்கள்.

நுனி இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் கதை வேறு. அது இரும்புச் சத்து. நம் புளிப்பு மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. எனவே வேர் குளிரிலும் ஈரத்திலும் முடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த சுவரோ, வீடு கட்டியபோது புதைத்த சிமென்ட் கட்டியோ இருக்கும். மூன்றாவது காரணமும் உண்டு: காய்கறித் தோட்டத்தில் மிச்சமான, மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தைக் கொண்டுவந்து செம்பருத்திக்குப் போடுவது. மணிச்சத்து மிதமிஞ்சினால் செடி இரும்பை எடுக்கத் திணறும். உருளைக்கிழங்குக்கு நல்லது இதற்கும் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் செடி முழுவதும் பத்திருபது இலை மஞ்சளாகி விழுந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. குளிருக்கு அது அப்படித்தான் நடந்துகொள்ளும். தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்தி, மார்ச் வரை விட்டுவிடுங்கள்.

மொட்டு வருகிறது, விரியாமல் உதிர்கிறது

உதிர்ந்த மொட்டு ஒன்றை எடுத்து நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். இதைச் செய்யாமல் மருந்து அடிப்பது வீண். உள்ளே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ நெளிகிற சின்னப் புழு இருந்தால் அது மொட்டு ஈயின் வேலை. உதிர்ந்தவை, மஞ்சளித்தவை எல்லாவற்றையும் தினமும் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். மண்ணில் விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடியும் ஈயாக வரும். குப்பைக் குழியிலும் போடாதீர்கள். பொறுக்குவதுதான் இதற்குச் சிறந்த மருந்து. சலிப்பாகத்தான் இருக்கும்.

மொட்டைத் தட்டினால் வெள்ளைத் தாளில் நூலிழை போன்ற பூச்சிகள் ஓடினால் இலைப்பேன். விரிகிற ஒன்றிரண்டு பூவும் ஓரம் கருகி, கோணலாக இருக்கும். வேப்பெண்ணெய் போதும், எப்படி அடிப்பது என்பது கீழே வருகிறது.

உள்ளே சுத்தமாக இருந்தால், பழி வானிலை மேல்தான். பகலில் 22 டிகிரி வெயில், இரவில் 8 டிகிரி என்று மார்ச் தொடக்கத்தில் வருமே, அந்த ஏற்ற இறக்கத்தில் மொட்டு தங்காது. தொட்டியை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கி வைத்தாலும் உதிரும். ஒரு வாரம் காயவிட்டு அப்புறம் வாளி நிறைய ஊற்றினாலும் உதிரும். அடுக்குச் செம்பருத்தி ஒற்றைச் செம்பருத்தியைவிட அதிகமாக உதிர்க்கும். குன்னூருக்கு மேலே இருப்பவர்கள் ஆசைக்கு ஒரு அடுக்கு ரகம் வைத்துக்கொள்ளலாம், பூஜைக்குத் தினமும் பூ வேண்டுமென்றால் ஒற்றைச் சிவப்பு நாட்டு ரகத்தை நம்புங்கள். குளிர்ந்த ஊரில் இதற்கு ஒரு லாபமும் இருக்கிறது. கீழே காலையில் விரிந்து மாலையில் சுருங்கிவிடுகிற பூ, இங்கே இரண்டாவது நாளும் விரிந்து நிற்பதுண்டு. நிறமும் சற்று அழுத்தமாக இருக்கும்.

மொட்டின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு படர்ந்திருந்தால் பூசணம். மழைக்காலத்தில் வாடிய பூவை அப்படியே விட்டால் அதிலிருந்துதான் தொடங்கும். வாடிய பூவைக் கிள்ளுங்கள், நெருக்கமான உள்கிளைகளைக் குறைத்துக் காற்று போக விடுங்கள்.

ராத்திரியோடு ராத்திரியாக நுனி கருகிவிட்டது

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டியில் இது நடக்கும். முதலில் நீர்ப்பனி விழும், அப்புறம் உறைபனி. தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானத்தைச் சுற்றிய பள்ளங்களில் அதிகம். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டு வீட்டில் செடி பச்சையாக நிற்க, நூறு அடி கீழே பள்ளத்து வீட்டில் வெந்த கீரை மாதிரி தொங்குகிறது.

எந்த இரவு ஆபத்து என்று சாயங்காலமே ஓரளவு தெரிந்துவிடும். மேகமே இல்லை, காற்று அசையவில்லை, ஏழு மணிக்கே விரல் விறைக்கிறது என்றால் மூடிவிடுங்கள். மேகம் இருந்தால் பயமில்லை, அது தரையின் சூட்டை விடாமல் பிடித்துவைக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மூடுவதற்குக் கோத்தகிரி மிலார் செடியைப் பயன்படுத்துவார்கள். உங்களுக்குக் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் பழைய சாக்கு, போர்வை. பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடமெல்லாம் கருகும். எனவே நான்கு குச்சி நட்டு, இலையில் படாமல் மேலே விரியுங்கள். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். தொட்டியென்றால் ராத்திரிக்குச் சுவரை ஒட்டிக் கூரைக்கு அடியில் வைத்தாலே பெரும்பாலும் தப்பிக்கும். பகலெல்லாம் வெயில் வாங்கிய தெற்குச் சுவர் இரவில் கொஞ்சம் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும்.

மூட மறந்து காலையில் இலை மேல் வெள்ளையாகப் படிந்திருந்தால், வெயில் படுவதற்கு முன்பே குழாய்த் தண்ணீரைத் தெளித்துக் கரையுங்கள். பூங்காவில் புல்தரைக்குச் செய்வதும் இதுதான். உறைந்த இலையில் திடீரென்று வெயில் பட்டால் சேதம் கூடும்.

கருகிய பிறகு செய்யக்கூடாத வேலை ஒன்று இருக்கிறது: உடனே வெட்டுவது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஜனவரியில் வெட்டினால் செடி புதுத்துளிர் விடப் பார்க்கும், அடுத்த பனியில் அதுவும் போகும். காய்ந்த கிளை கீழே உள்ளதற்கு ஒரு மறைப்பாகவும் இருக்கிறது. மார்ச் பாதிக்கு மேல் நுனியிலிருந்து தொடங்கித் தண்டின் பட்டையை நகத்தால் கீறிக்கொண்டே கீழே வாருங்கள். பழுப்பாக இருக்கிற வரை செத்தது. பச்சை தெரிகிற இடத்துக்கு ஒரு கணு கீழே வெட்டுங்கள். தரை வரை பழுப்பென்றாலும் பிடுங்கிவிடாதீர்கள். சொந்த வேரில் நிற்கிற பழைய செடி மே மாதத்தில் அடியிலிருந்து துளிர்ப்பதுண்டு. ஒட்டுச்செடியென்றால் துளிர் ஒட்டுக்கு மேலே வருகிறதா கீழே வருகிறதா என்று பாருங்கள். கீழிருந்து வந்தால் நீங்கள் வாங்கிய மஞ்சள் பூ இனி வராது, வேர்ச்செடியின் பூதான் வரும்.

இதே காரணத்துக்காக அக்டோபர், நவம்பரில் கவாத்து வேண்டாம். யூரியாவும் வேண்டாம். இளந்துளிரோடு பனிக்குள் போகிற செடிதான் முதலில் அடிபடும்.

இலை தளதளவென்று இருக்கிறது, பூ இல்லை

வெயில் போதவில்லை, அல்லது தழைச்சத்து அதிகம். சில்வர் ஓக் மரத்தடியில் வைத்துவிட்டுப் பூவை எதிர்பார்க்க முடியாது. ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். குன்னூர், கோத்தகிரியில் மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிடுவது வழக்கம், ஆகவே கிழக்குப் பார்த்த இடம்தான் உத்தமம். ஊட்டிப் பள்ளத்தில் அப்படி இல்லை. அங்கே அதிகாலை வெயில் நேரே படாத, தெற்குச் சுவரோர இடம் நல்லது. பூ புதுக்கிளையில்தான் வரும், எனவே பல வருஷம் வெட்டாத செடியை மார்ச்சில் பாதியாகக் குறையுங்கள். தேயிலைக்கு வாங்கிய யூரியாவை விட்டுவிட்டு, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மட்கிய சாணமும் கொஞ்சம் பொட்டாஷும் கொடுங்கள்.

வெள்ளை மாவு, பிசுபிசுப்பு, எறும்பு

பிப்ரவரி முதல் மே வரை, காய்ந்த மாதங்களில். கணுக்களிலும் மொட்டின் காம்பிலும் பஞ்சு ஒட்டினாற்போல இருக்கும். நுனி இலை சுருண்டு கட்டியாகிவிடும். கீழ் இலைகளில் தேன் மாதிரிப் பிசுக்கு, அதன் மேல் கரும்பூசணம். மாவுப்பூச்சி. எறும்பு அந்தப் பிசுக்கைத் தின்பதற்காகப் பூச்சிக்குக் காவல் நிற்கும், எதிரிப் பூச்சிகளை விரட்டும். அதனால் முதலில் எறும்பின் வழியை அடைத்துவிடுங்கள். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே கல் மேல் வைக்கலாம், தண்டைச் சுற்றித் துணி கட்டி அதில் கிரீஸ் தடவலாம்.

அப்புறம் சுருண்ட நுனிகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். மற்ற இடங்களில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சி அடியுங்கள். பாதி அதிலேயே விழுந்துவிடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், கரைத்த காதி சோப் கொஞ்சம். இங்கே ஒரு மலைப்பிரச்சினை உண்டு. நம் குளிரில் வேப்பெண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும், ஓரிடத்தில் எண்ணெயாகவும் ஓரிடத்தில் வெறும் தண்ணீராகவும் விழும். பாட்டிலை வெந்நீரில் கால் மணி நேரம் நிறுத்தி, முழுவதும் உருகிய பிறகு முதலில் சோப்புக் கரைசலில் ஊற்றிப் பால் போல வரும் வரை அடியுங்கள், அப்புறம் தண்ணீரைச் சேருங்கள். இலையின் அடிப்பக்கம் முழுவதும் நனைய வேண்டும். மூடுபனி ஏறுவதற்குள் காயும்படி காலையிலேயே அடித்துவிடுங்கள், ஆனால் சுள்ளென்ற வெயிலில் வேண்டாம். வாரம் ஒரு முறை, மூன்று வாரம்.

தெளிப்பதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, அதைவிட மூன்று நான்கு மடங்கு பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு விறுவிறுவென்று நடக்கிற ஒன்று இருந்தால் அதைக் கொல்லாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்கிற கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு. 1898-இல் காப்பிச் செடியின் செதில் பூச்சியை அடக்க ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு இது. வளர்ந்த வண்டு கறுப்பு, தலைப்பக்கம் செம்மஞ்சள். புழுவைப் பார்த்து, "இவ்வளவு பெரிய மாவுப்பூச்சியா!" என்று நசுக்குகிறவர்களே அதிகம். அது இருந்தால் எண்ணெயை நிறுத்திவிட்டு, எறும்பை மட்டும் தடுங்கள். நல்ல வெயில் காலத்தில் அது பார்த்துக்கொள்ளும். குளிர் மாதங்களில் மந்தமாகிவிடும், அப்போது நீங்கள்தான் இறங்க வேண்டும்.

தேயிலைக்கு வைத்திருக்கிற ரசாயன மருந்தை இதற்கு அடிக்க வேண்டாம். பூவை எண்ணெய் காய்ச்சவும், இலையைத் தலைக்குத் தேய்க்கவும் எடுக்கிற வீடு நம்முடையது.

இலையில் பொடிப்பொடியாக வெளிறிய புள்ளி

வீட்டுக்குள் சன்னலோரம் வைத்த செடியிலும், ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்றிலும் வரும். இலையின் அடியில் மெல்லிய வலையும் இருந்தால் சிலந்திப் பூச்சி. தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிக்கொண்டே இருங்கள், அடங்கிவிடும்.

தண்டெல்லாம் சாம்பல் பாசி

மருந்து வேண்டாம். காற்றில் ஈரம் இருக்கிற ஊரில் எல்லா மரத்திலும் படர்வதுதான் இது, தண்டின் சத்தை உறிஞ்சாது. செடி வளராமல் நிற்பதால் பாசி படர்ந்திருக்கும், பாசியால் செடி நின்றுவிடவில்லை. வளராததற்கான காரணத்தை மேலே சொன்னவற்றில் தேடுங்கள்.

கிளையையே காணோம்

காலடித் தடத்தைப் பாருங்கள். காட்டெருமையோ கடமானோ வந்திருக்கும். வேப்பெண்ணெயெல்லாம் அதுகளிடம் எடுபடாது. ஒடிந்த இடத்தைக் கத்தியால் சாய்வாகச் சீவிவிட்டு, செடியை வீட்டுச் சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். ராத்திரியில் விரட்டப் போகாதீர்கள்.

நட்ட குச்சி அடியிலிருந்து கறுக்கிறது

பென்சில் பருமனுள்ள, முற்றியும் முற்றாததுமான குச்சியை ஏப்ரல், மே மாதத்தில் நடுங்கள். மழைக்காலத்தில் எல்லாமே பிடிக்கும் என்று ஜூலையில் நட்டு, குளிர்ந்த ஈரத்தில் அழுகவிடுவதுதான் இங்கே வழக்கமாகிவிட்டது. வெறும் மணலில் நடுங்கள், எருவே வேண்டாம். மேல் இரண்டு இலையை மட்டும் வைத்து, அதையும் பாதியாக வெட்டுங்கள். அடியை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலால் மேலே மூடி, அதன் மூடியைத் திறந்து வைத்தால் உள்ளே கொஞ்சம் சூடு நிற்கும். சமவெளியில் ஒரு மாதத்தில் வேர் விடுவது இங்கே இரண்டு மாதம்கூட ஆகும். நடுவில் பிடுங்கிப் பார்க்காதீர்கள், லேசாக இழுத்தால் எதிர்த்துப் பிடிக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

உறைபனிப் பள்ளத்தில் வீடு இருப்பவர்கள் செம்பருத்தியைத் தொட்டியில் மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். தரைக்குப் பசுமை மாறாத பூச்செடி வேண்டுமென்றால் கமேலியா நடலாம், இந்தப் புளிப்பு மண்ணும் குளிரும் அதற்குப் பிடித்தமானவை. தேயிலைக்கு ஒன்றுவிட்ட உறவு அது.